ஏழாவது தார்

பதினொரு தார். நான் எண்ணினேன். வியாழக்கிழமை சாயங்காலம் பீடத்துத் துணிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கோயில் வாசலில் மினி லாரி வந்து நின்றது. கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், யாரும் எண்ணச் சொல்லவில்லை, எண்ணாமல் உள்ளே போயிருக்கலாம், போகவில்லை. கிளாடிஸ் வீட்டுக் குளத்தடித் தோட்டத்து வாழைத்தார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் பிடித்து இறக்கினார்கள், இறக்கும்போது ஒரு முனகல், எனக்குக் கேட்கட்டும் என்றே முனகுகிறார்கள் என்று தோன்றியது. ஏழாவது தார் இறங்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. புது நம்பர். லோன் வேணுமா என்று கேட்கிற ஆட்களாக இருக்கும், கட் பண்ணினேன். ஒன்பதாவது இறங்கும்போது மறுபடியும் அதே நம்பர், மறுபடியும் கட், எண்ணிக்கை தவறிவிடக்கூடாதே என்று விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். பதினொன்று. போன வருசம் எட்டு. இப்போது அந்தப் பதினொன்றும் என் கண் முன்னால் தொங்குகின்றன, தூணுக்கு ஒன்றாக, மீதி பீடத்தின் இரண்டு பக்கமும். இன்றைக்கு அறுப்பின் பண்டிகை, விளைந்ததில் நல்லதாகப் பார்த்துக் கர்த்தருக்கென்று கொண்டுவந்து வைத்து நன்றி சொல்கிற ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். நான் கொண்டுவந்தது ஒரு கட்டு முருங்கைக்காய். அதை மூன்றாவது தூணில், கிளாடிஸின் தாருக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார்கள், நுனி மட்டும் வெளியே தெரிகிறது. அய்யர் பிரசங்கத்தில் இரண்டாவது குறிப்புக்கு வந்துவிட்டார். எப்போதும் மூன்று குறிப்பு. மூன்றாவது முடிந்ததும் ஸ்தோத்திர நோட்டைத் திறப்பார். அந்த நோட்டில் கிளாடிஸ் பேர் இல்லை. அவள் எழுதிப் போட்ட சீட்டு என் மடியில் இருக்கிற வேதப்புத்தகத்துக்குள், யாரும் புரட்டாத எண்ணாகமத்தில் இருக்கிறது.

எங்கள் கிருபாபுரத்தில் இது ஒரு வழக்கம். பாதிரியாரை இங்கே அய்யர் என்போம். அந்த வாரத்தில் நல்லது நடந்த வீட்டுக்காரர்கள் அதை ஒரு சீட்டில் எழுதிச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கோயில் பின்னறைப் பெட்டியில் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அய்யர் குடும்பத்தின் பேரையும் காரணத்தையும் சபை முன்னால் வாசிப்பார். மகள் பாஸானதற்காக. மாடு கன்று போட்டதற்காக. ஆப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்காக. ஆளாளுக்குக் கிறுக்கியிருப்பது அய்யருக்குப் புரிவதில்லை என்று, எல்லாவற்றையும் நோட்டில் பெயர்த்து எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள், வயலட் டீச்சர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லி. பதினாலு வருசம். ஊரில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் கர்த்தருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அதிலும் கிளாடிஸ் சீட்டு. தேதி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், வயலட் மையில், நாலாக மடித்து, மடிப்பில் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து. என் பேர் வயலட், அவளுடைய மையும் வயலட், அதுகூட என்னைக் குத்தத்தான் வாங்கினாள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். நேற்று பெட்டியைத் திறந்ததும் மேலாகவே அது கிடந்தது. மற்ற பதினேழையும் எழுதி முடித்தேன். அதை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் மறைப்பது திருட்டு, தெரியாமல் விட்டால் மறதிதானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். அப்போதிருந்து ஒரு வாய்ச் சோறு சரியாக இறங்கவில்லை. என்ன எழுதியிருப்பாள்? மருமகளுக்கு வளைகாப்பு வைக்கப் போகிறார்கள் என்று கேள்வி. மகன் லெஸ்லி புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருப்பான். பதினொரு தார் வெட்டியதற்காகவே ஒரு சீட்டு எழுதியிருந்தாலும் எழுதியிருப்பாள், செய்யக்கூடியவள்தான்.

அவள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் ஆசீர் அண்ணன், அவள் வீட்டுக்காரர் தங்கத்துரை தம்பி. மாமனார் போனபிறகு சொத்தைப் பிரிக்கும்போது சண்டை வரக்கூடாது என்று அப்போதிருந்த அய்யர் வீட்டில் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போட்டார்கள், வேதத்தில் கோத்திரங்களுக்குப் பங்கு போட்ட மாதிரி. காணிக்கை எடுக்கிற வெல்வெட் பைக்குள் இரண்டு சீட்டு. மூத்தவர் என்று இவர் முதலில் கை விட்டார். தேரி. மேற்கே இருக்கிற அத்தனை செம்மணலும், பனையும், நாலு முருங்கையும். தம்பிக்கு மிச்சமிருந்தது குளத்தடி. கர்த்தரே பங்கு வைத்துவிட்டார் என்று அந்த அய்யர் சொன்னார், எல்லாரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். மனுசன் பங்கு வைத்திருந்தால் அவன் மேல் கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இதற்கு யாரிடம் போய் நிற்பது? கார்த்திகையில் ஒரே மழைதான் பெய்கிறது, இரண்டு வீட்டுக்கும் ஒரே வானம்தான், அவளுக்குக் குளமாகத் தேங்குகிறது, எனக்கு விழுந்த இடத்திலேயே காணாமல் போகிறது. பங்குனியில் என் கிணற்றில் வாளி தரை தட்டும்போது அவள் தோட்டத்தில் வாழை குலை தள்ளிக்கொண்டு நிற்கும். ஆடி வந்தால் காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வந்து என் வாசலில் கொட்டும், சோற்றுப்பானையில், தலையணை உறைக்குள், இந்தப் புத்தகத்துக்குள் எல்லாம் சிவப்பு மண், இப்போது விரித்தாலும் மடியில் உதிரும். இப்படி எல்லாப் பருவத்துக்கும் எனக்கு ஒரு முகச்சுளிப்பும் அவளுக்கு ஒரு சீட்டும் உண்டு. குளம் நிறைந்ததற்காக. குளம் உடையாமல் இருந்ததற்காக. வெயிலில் மோட்டார் ஓடியதற்காக. நான்தான் எழுதினேன், முத்து முத்தாக.

ஒரு ஆடியில் ஒன்று செய்தேன். செய்தேன் என்று சொல்லக்கூடாது, நினைத்தேன். காற்று அன்றைக்கு எதிர்வீட்டுத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது, மாடத்தில் விளக்கு நிற்கவில்லை, முழங்காலில் இருந்தேன், கர்த்தாவே எங்கள் வீட்டைக் காத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே இருந்த வாய், குளத்தடிப் பக்கமும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் அவள் தோட்டத்தில் பாதி வாழை சாய்ந்து கிடந்தது, குலையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக. நான் பார்க்கப் போனேன். துக்கம் விசாரிக்க என்று எல்லாரும் நினைத்தார்கள். போகும் வழியெல்லாம் என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதோ என்ற பயம், பயத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோஷம், அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷம்தான். அந்த வாரமாவது பெட்டியில் அவள் சீட்டு இருக்காது என்று நிச்சயமாக நம்பினேன். இருந்தது. வயலட் மை. மரம் வீட்டின்மேல் விழாமல் தோட்டத்தோடு போனதற்காக, ஸ்தோத்திரம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குளத்தடி எனக்கு வேண்டாம், வாழையும் வேண்டாம், மாடி வீடும் வேண்டாம், அதெல்லாம் வைத்துக்கொள்ளட்டும். இவளுக்கு மட்டும் இந்த நன்றி எங்கிருந்து ஊறுகிறது? அதுதான் என்னைத் தின்கிறது. இழந்தவளுக்கும் நன்றி வருகிறது, வீட்டில் ஒரு ஓடுகூடப் போகாத எனக்கு வரவில்லை. நானும் அதே கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றேன், லெந்து நாற்பது நாளும் அவளைவிட ஒழுங்காக ஒருசந்தி இருக்கிறேன், அவள் பாதி நாள் காப்பி குடித்துவிடுவாள், எனக்குத் தெரியும்.

மூன்றாவது குறிப்பு. அய்யர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்தால் இன்னும் பத்து நிமிசம். பெண்கள் பக்கம் முன்வரிசையில் கிளாடிஸ் இருக்கிறாள், இளநீலச் சேலை, தலையில் முக்காடு நழுவாமல். நழுவாது அவளுக்கு. காலையிலிருந்து மூன்று தரம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும். சீட்டு வாசிக்கும்போது என் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. ஒன்றரை வருசமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ரூபன் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து. ரூபன் என் மகன், ஒரே மகன், அவள் மகன் லெஸ்லியைவிட ஏழு மாசம் மூத்தவன். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், பிளஸ் டூ ரிசல்ட்டும் ஒரே நாள். ரூபன் பாஸ். நல்ல பாஸ்தான், எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத மார்க். ஓடி வந்து, அம்மா, சீட்டு எழுதும்மா என்றான். எழுத உட்கார்ந்தேன். பெட்டியில் லெஸ்லியின் சீட்டு ஏற்கெனவே கிடந்தது, பள்ளிக்கூடத்திலேயே முதல். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அய்யர் வாசிப்பார், ஊர் கேட்கும். நான் எழுதவில்லை. இன்னும் பெரிதாக ஏதாவது வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவனுக்கு லாரி ஷெட்டில் வேலை கிடைத்தது, லெஸ்லிக்குக் கப்பலில். எழுதவில்லை. கை மிஷினில் மாட்டி விரல் போகாமல் தப்பித்தது, அதற்காவது எழுதியிருக்கலாம், அந்த வாரம் லெஸ்லிக்கு நிச்சயதார்த்தம். ஒவ்வொரு தடவையும் லெஸ்லியைப் பார், லெஸ்லியைப் பார் என்று சொல்லியிருக்கிறேன், எத்தனை தரம் என்று அவன்தான் எண்ணியிருக்க வேண்டும். போன வருசத்துக்கு முந்தின ஆடியில் ஒரு நாள், தட்டில் மணலோடு சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். "ஊரார் பிள்ளைக்கெல்லாம் எழுதுதியேம்மா, என்னைக்காவது எனக்காக ஒரு சீட்டு எழுதியிருக்கியா? நான் பெறந்ததுக்காவது எழுதுனியா?" என்று கேட்டான். எழுதவில்லை. அவன் பிறந்த மாசம்தான் அவள் முழுகாமல் இருக்கிறது நிச்சயமாகி அவள் சீட்டு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒன்றரை வருசம் ஒரு சத்தம் இல்லை. பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டவர்களிடம் பெங்களூரில் இருக்கிறான், நல்ல வேலை என்றேன், கோயில் வாசலில் நின்றுகொண்டே பொய் சொன்னேன். கிளாடிஸ் மட்டும் வீட்டுக்கு வந்தாள். "யக்கா, ரூபன் எங்கிட்ட பேசுனா நான் எடுத்துச் சொல்லுதேன்" என்றாள். அவளிடம் ஏன் பேச வேண்டும்? "ஏளா, எம்பிள்ள பேர உன் வாயால சொல்லாத. இனிம எங்கிட்டப் பேசவும் செய்யாத" என்று கதவைச் சாத்தினேன். சாத்தியதிலிருந்து அவள் பேசவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதிலும் என்னைவிட ஒரு படி மேல். அதன்பிறகு எத்தனை புது நம்பர் வந்தது, அத்தனையும் எடுத்தேன், எடுத்ததும் ரூபனா என்பேன். லோன் கொடுக்கிற பெண் ஒருத்தி ஒரு நாள், இல்லைங்கம்மா, என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லோனைப் பற்றிப் பேசாமலே வைத்துவிட்டாள். ஆற்றில், ரோட்டில் யாரோ கிடந்ததாகப் பேப்பரில் வந்தால் வயது என்ன என்று பார்ப்பேன். இருபத்தாறு என்று போட்டிருந்தால் அந்தத் தாளை மடித்து அடுப்படியில் சொருகிவிட்டு, நாள் முழுக்க அந்தப் பக்கம் போகாமல் இருப்பேன். கர்த்தாவே, இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று கேட்டேன். கேட்கும்போதே, லெஸ்லியை மட்டும் அவளுக்குப் பத்திரமாக வைத்திருக்கிறீரே என்று ஒரு ஓரத்தில் முணுமுணுப்பு.

பிரசங்கம் முடிந்துவிட்டது. ஆமென் என்று எல்லாரோடும் சேர்ந்து என் வாய் சொல்கிறது. அய்யர் நோட்டைத் திறக்கிறார், என் எழுத்து அவர் வாயில் வருகிறது, ஜீவமணி குடும்பம், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக. கிளாடிஸ் நிமிர்ந்து உட்காருகிறாள். பொன்சீலன் குடும்பம், வீட்டு வழக்கு முடிந்ததற்காக. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு பேருக்கும் அவள் தோள் கொஞ்சம் உயர்ந்து இறங்குகிறது, அடுத்தது தன்னுடையது என்று. ஒன்பதாவது வாசிக்கும்போது நாலாம் தரம் திரும்பிப் பார்க்கிறாள். இந்தத் தரம் நான் முகத்தைத் திருப்பவில்லை, நேரே பார்த்தேன். அவள் கண்ணில் பெருமை இல்லையே. வேறு என்னவோ இருக்கிறது, கெஞ்சுகிற மாதிரி, எங்கள் வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை தூக்கப் பயந்துகொண்டு பார்க்குமே, அந்தப் பார்வை. ஏன் அப்படிப் பார்க்கிறாள்? நேற்றே நான் படித்திருப்பேன் என்று நினைக்கிறாள். ஆமாம், சீட்டு முதலில் யார் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். விரல் தானாக எண்ணாகமத்துக்குப் போய்விட்டது. நாலு மடிப்பு. செம்மண் இரண்டு பொட்டு சேலையில் விழுந்தது. பிரித்தேன். எங்கள் மகன் ரூபன் ஓசூரில் சுகமாக இருக்கிறான் என்ற செய்தி கிடைத்ததற்காகவும், அவனைக் கடும் காய்ச்சலிலிருந்து எழுப்பிவிட்டதற்காகவும் ஸ்தோத்திரம். தங்கத்துரை கிளாடிஸ் குடும்பம். வயலட் மை. மறுபடி படித்தேன். பன்னிரண்டாவது பேர் வாசிக்கிறார், யார் பேர் என்று காதில் விழவில்லை. ரூபன். சுகமாக. எழுதின எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன், தடவினால் உண்மையா என்று தெரியும்போல.

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்து ஓடுகிறது, அழவேண்டும், சத்தம் போட்டு அழவேண்டும், அதற்குள் அது வந்துவிட்டது, பாவி மனசு, எங்கள் மகனாமே. எங்கள். பத்து மாசம் இந்த வயிற்றில் கிடந்தவன், மூன்று நாள் வலி எடுத்துப் பெற்றேன், எங்கள் மகன் என்று எழுத இவள் யார்? இவளைக் கூப்பிட்டிருக்கிறான். ஓசூரில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு அம்மா நினைப்பு வரவில்லை, சித்தி நினைப்பு வந்திருக்கிறது. குளம் போனது, வாழை போனது, இப்போது இதுவும் அவள் பக்கம். நேரே வந்து சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன், கதவைச் சாத்தினது ஞாபகம் வந்தது. பேச வழி இல்லாதவள் பெட்டியில் போட்டிருக்கிறாள். ஊருக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரியட்டும், வீட்டில் தனியாக இருந்து படித்து அழுது முடித்துவிட்டு வரட்டும் என்று போட்டிருக்கிறாள். நான் அதை எண்ணாகமத்தில் புதைத்தேன். பதினேழாவது பேர். அய்யர் நோட்டை மூடுகிறார். கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்து, "யாருடையதாவது விட்டுப்போயிருக்கா?" என்று கேட்கிறார். எல்லா வாரமும் கேட்பார். பதினாலு வருசத்தில் ஒருத்தரும் எழுந்ததில்லை, வயலட் டீச்சர் நோட்டில் விட்டுப்போகாது. கிளாடிஸ் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா இருந்தால் முடிந்தது. என் மகன் என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிட்டான் என்று ஊருக்குத் தெரியாது, பெங்களூர் பொய் பொய்யாகாது, இன்னொரு தடவை அவள் ஜெயிக்கமாட்டாள். சும்மா இருந்தால் ரூபன் பிறந்ததற்கும் எழுதவில்லை, இருப்பதற்கும் எழுதவில்லை. கால் எழுந்துவிட்டது. நான் எழுப்பவில்லை, அது எழுந்தது.

"ஒண்ணு இருக்கு, அய்யரே" என்றேன். சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்தேன், எங்கள் மகன் ரூபன் என்று ஆரம்பித்து. எங்கள் என்பதையும் ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன், ஸ்தோத்திரம் வரைக்கும். ஆண்கள் பக்கம் இவர் பாதி எழுந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அய்யர் சிரித்த முகமாக, "சந்தோஷம்மா. ஆசீர் குடும்பம்னு எழுதிக்கிடுவோம்" என்றார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. தலையை ஆட்டினால் போதும், பின்னால் மடிந்திருக்கிற பேரை யார் பார்க்கப் போகிறார்கள்? "இல்ல அய்யரே. தங்கத்துர, கிளாடிஸ் குடும்பம்" என்றேன். "அவ எழுதிப் பெட்டியில போட்டது. நோட்டுல ஏத்தாம விட்டது நான். மறந்து விடல." முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். உட்கார்ந்தேன். சீட்டை அதே நாலு மடிப்பாக மடித்தேன்.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்து எல்லாரும் எழுந்த சமயம் கிளாடிஸ் தன் இடத்தைவிட்டு என் வரிசைக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் நின்றாள். மூக்கு சிவந்து, கண் மை கரைந்து, அப்படியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், அந்த எண்ணமும் வந்தது, வரட்டும் என்று விட்டேன். பாட்டுப் புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்தாள். பாடவில்லை, பாட்டுக்கு அடியில் பேசினாள். "யக்கா, நேத்தே படிச்சிருப்பியன்னு நெனச்சேன். போன் வந்துரும்னு ராத்திரி வரைக்கும் இருந்தேன்." நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உன்னத்தான் கூப்பிட்டிருக்கான்" என்றேன், எனக்கே கேட்டது அந்தக் கசப்பு. அவள் தலையை ஆட்டினாள். "எனக்கில்ல யக்கா. உங்களுக்குத்தான் மொதல்ல போட்டிருக்கான். வியாழக்கெழம சாயங்காலம், ரெண்டு தடவ. கட் ஆயிட்டாம். அம்மா இன்னும் கோவமா இருக்கா சித்தின்னு அழுதான். கோவமில்லல, கையில சோலியா இருந்திருப்பான்னு சொன்னேன்." வியாழக்கிழமை சாயங்காலம். பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போய்விட்டது, வெல்வெட் பை எங்கள் வரிசைக்கு வந்தது, யாரோ என் கையில் கொடுத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை வருசமாக எந்த நம்பரையும் விட்டதில்லை. ஒன்றைக்கூட விட்டதில்லை. கையில் சோலி இருந்தது. கிளாடிஸ் மெதுவாகப் பையை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தாள்.

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. நான் மணிக்கூண்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறேன், வெயில் இன்னும் ஏறவில்லை, தை மாசத்துக் காற்று, சுவரில் பனியின் ஈரம். போனை ஆன் செய்து தேடினேன். அதே நம்பர், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை, பக்கத்தில் சின்னதாகச் சிவப்புக் குறி. கட்டைவிரல் வழுக்குகிறது. என்ன சொல்வது? சாப்பிட்டாயா என்பதா, காய்ச்சல் விட்டதா என்பதா, மன்னிப்பு என்கிற வார்த்தையை வாரா வாரம் பாவ அறிக்கையில் சொல்லிச் சொல்லி அது வாயில் வழவழவென்று ஆகிவிட்டது, அதைக்கொண்டு போய் அவனிடம் எப்படி நீட்டுவது? அழுத்திவிட்டேன். அடிக்கிறது. ஒன்று. இரண்டு. எண்ணாதே என்று சொல்லிக்கொண்டேன். எடுத்துவிட்டான், மூச்சுச் சத்தம் கேட்கிறது. "அம்மா" என்றான். குரல் கம்மியிருக்கிறது, காய்ச்சல் குரல். "கோயில் முடிஞ்சிட்டா?" முடிஞ்சிட்டு என்றேன், அவ்வளவுதான் வந்தது. மரத்தடியில் முதல் தாரை மேசைமேல் தூக்கி வைத்து ஏலக்காரர் கத்தத் தொடங்கினார், அது அவனுக்கும் கேட்டிருக்கும். மெல்லச் சிரித்தான், சின்ன வயதில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "சித்தி வீட்டுத் தாரு இந்த வருசம் எத்தனம்மா?" என்று கேட்டான்.

"பதினொண்ணுய்யா" என்றேன். "ஏழாவது தார் எறங்கும்போது நீ கூப்பிட்ட. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."